யோக்யகர்த்தாவில் ஓர் இரவு: அங்க்ரிங்கானில் உட்காரும் முறை

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா போனால் பொரோபுதூர் பௌத்தக் கோயிலைப் பார்த்த களைப்பில் அறையிலேயே படுத்துவிடாதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்த ஊர் அது. அவர்கள் உலகம் இருட்டிய பிறகுதான் விழிக்கும். ராத்திரி துகு ரயில் நிலையப் பக்கம் போங்கள். தார்ப்பாய்க்குக் கீழே தள்ளுவண்டிச் சாப்பாட்டுக்கடை, அதுதான் அங்க்ரிங்கான்.

கடைக்காரரை 'மாஸ்' என்று கூப்பிடுங்கள், பெண்ணாக இருந்தால் 'ம்பாக்'. தட்டை எடுத்து நீங்களே வைத்துக்கொள்ளலாம். 'நாசி குச்சிங்' என்பது ஒரு கைப்பிடிச் சோறு, கொஞ்சம் சம்பல், நெத்திலி, எல்லாம் ஒரே பொட்டலத்தில். இரண்டாவது எடுக்கத் தயங்க வேண்டாம். குச்சியில் குத்திய காடை முட்டையைக் கரியடுப்பில் வாட்டித் தரச் சொல்லுங்கள். ஆறிப்போனதைத் தின்றால் பாதி ருசிதான். சைவம் என்றால் இனிப்பாக வேகவைத்த டெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி இருக்கிறது, அருமை.

அடுத்து கோப்பி ஜோஸ். கடுங்காப்பிக்குள் கனன்று சிவந்த கரித்துண்டு ஒன்றை இடுக்கியால் போடுவார்கள். 'சொய்ங்' என்று பொங்கும். அவசரப்படாதீர்கள், தூள் அடியில் இறங்கட்டும், பிறகு மேலாக உறிஞ்சுங்கள்.

செருப்பைக் கழற்றிப் பாயில் சம்மணமிடுங்கள். பக்கத்தில் கிதார் இருக்கும், கைப்பேசி விளையாட்டு நடக்கும். இதற்குப் பெயர் நோங்க்ரோங். ஒரு தம்ளரோடு மணிக்கணக்கில் இருந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். எனக்கு இந்த ஊரில் பிடித்ததே அதுதான்.

கிளம்பும்போது தின்றதை நீங்களே ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அதை நம்பித்தான் கணக்கு. உள்ளூர்ப் பிள்ளைகள் பலர் கியூரிஸ் என்ற கியூஆர் குறியைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டுவார்கள். நீங்கள் சில்லறை ரூபியா வைத்திருங்கள்.