வயிற்றில் அடிபட்டு வருபவரைப் பரிசோதிப்பது எப்படி: ஹவுஸ் சர்ஜன்களுக்கு

கையை வைப்பதற்கு முன்னால் எப்படி அடிபட்டது என்று கேளுங்கள். பைக்கிலிருந்து விழுந்தபோது ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியதா? அப்படியென்றால் கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்போடு நசுங்கியிருக்கலாம். வெளியே வட்டமாக ஒரு சிராய்ப்பு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் வலி. "பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க அண்ணே?" என்று கேட்டு, நேரத்தோடு எழுதிவையுங்கள். அரை மணி கழித்து மார்க் ஏறுகிறதா என்பதுதான் எனக்கு வேண்டும். இருமச் சொல்லுங்கள், கை தானாக ஓர் இடத்தைப் பொத்தினால் அங்கே கவனம் வையுங்கள். வலிக்காத பக்கத்தில் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்தபடியே கையை நகர்த்துங்கள். அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. விரலால் மெல்லத் தட்டினாலே விஷயம் தெரிந்துவிடும், மனுஷனைத் துடிக்க வைக்க வேண்டியதில்லை.

தோளில் அடியே படாமல் இடது தோள் வலிக்கிறது என்றால் மண்ணீரலை நினையுங்கள். கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறது. படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் கூடும்.

"பிபி 120/80 இருக்கு சார்" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். திடகாத்திரமான இளைஞருக்கு ஒன்றரை லிட்டர் ரத்தம் போகும்வரைகூட பிபி இறங்காமல் நிற்கலாம். நாடித் துடிப்பு அதற்கு முன்பே ஏறும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களிடம் அதுவும் ஏறாது.

வலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய பயத்தை விட்டுவிடுங்கள். சிரை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபென்டனில் என்ற வலி மருந்தைக் கொடுங்கள். இறுக்கிப் பிடித்திருக்கும் வயிறு தளரும், எந்த இடத்தில் வலி என்று இன்னும் தெளிவாகத் தெரியும். வலியோடு காத்திருக்க வைப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

ஃபாஸ்ட் ஸ்கேனில், அதாவது ரத்தக் கசிவைத் தேடிக் கட்டிலருகிலேயே சட்டென்று எடுக்கும் அல்ட்ராசவுண்டில், கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், இடுப்புக்குழி, இதயத்தைச் சுற்றி என நாலு இடம் பார்க்கிறோம். வயிற்றில் நீர் கோத்திருந்து பிபியும் விழுந்தால் நேராக ஆபரேஷன் தியேட்டர். நிலையாக இருந்தால் சிடி ஸ்கேன். ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் குடல் கிழிசல் தப்பிப்போகலாம். அதனால் திரும்பத் திரும்பப் பாருங்கள், முடிந்தவரை அதே ஆளே பாருங்கள். டூட்டி மாறும்போது அடுத்தவரைக் கட்டிலருகே கூப்பிட்டு, நீங்கள் இருக்கும்போதே அவரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.