மகவேற்புக் கட்டு: முன்கூட்டியே தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். மகவேற்புக்காக, அதாவது ஒரு பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுப்பதற்காக, வரும் பத்திரக் கட்டை அவிழ்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். மேலே ஒரு விவாகப் பதிவு, அதன் கீழே மழையில் நனைந்து காய்ந்த பிறப்பத்தாட்சிப் பத்திரம், கடைசியில் ஒரு பிள்ளையின் சிறிய படம். கொண்டுவருபவர் பெரும்பாலும் பெரியம்மாவாகவோ மாமாவாகவோ இருப்பார். "கனடாவில் இருக்கும் தம்பி பிள்ளையை எடுக்கிறான், நாளைக்கு ஆங்கிலத்தில் வேண்டும்" என்பார். மொழிபெயர்ப்பை நாளைக்கே கொடுத்துவிடலாம். அந்தக் கட்டுக்குள் இருக்கும் பிழைகளை ஒரு நாளில் யாராலும் திருத்த முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வேலையை இங்கே தொடங்குவது. வெளிநாட்டில் இருப்பவர் விடுமுறைக்கு வருவார். ஒரு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிப்பார். "பிள்ளையை ஒப்படைத்துவிட்டோம்" என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டு இருப்பார்கள். அது மகவேற்பு அல்ல. மகவேற்பு நீதிமன்றக் கட்டளையால் மட்டுமே நடக்கும். நம் நாட்டில் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அதற்கு அடிப்படை. நாடு கடந்த மகவேற்பு என்றால் 1993 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் சேர்ந்துகொள்ளும். அது 1995 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதே அதில் இணைந்திருந்த முதல் நாடுகளில் இலங்கையும் ஒன்று.

அந்த உடன்படிக்கையின்படி, பிள்ளையை ஏற்க விரும்புபவர்கள் தாங்கள் வாழும் நாட்டில் மகவேற்புக்குப் பொறுப்பான மத்திய அதிகாரசபையிடம்தான் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே அவர்களுடைய குடும்பம், உடல்நலம், வருமானம், நோக்கம் எல்லாம் ஆராயப்பட்டு அறிக்கையாகும். அந்த அறிக்கை அங்கிருந்து இலங்கையின் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் ஆணையாளரிடம் வந்து சேர வேண்டும். "என்னிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தானே இருக்கிறது, உள்ளூர்க்காரனாகவே விண்ணப்பிக்கிறேன்" என்று பலர் சொல்வார்கள். கடவுச்சீட்டின் நிறம் இங்கே பேசாது; வழமையாக எங்கே வாழ்கிறீர்கள் என்பதே கேள்வி. ஐக்கிய இராச்சியத்தில் உரிய அங்கீகாரம் பெறாமல் மகவேற்புக்காகப் பிள்ளையை நாட்டுக்குள் கொண்டுவருவது 2002 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாசத்தோடு செய்தோம் என்பது அங்கே தற்காப்பு ஆகாது.

பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பை மட்டும் ஒருவருக்குக் கொடுக்கும் பாதுகாவலர் கட்டளையையும் மகவேற்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நிரந்தரமான பெற்றோர்-பிள்ளை உறவை உண்டாக்கும் மகவேற்பு மட்டுமே ஹேக் உடன்படிக்கைக்குள் வரும். மார்க்கக் காரணத்தால் பாதுகாவலர் முறையையே விரும்பும் காத்தான்குடி, சம்மாந்துறை முஸ்லிம் குடும்பங்கள் தங்களுடைய உறவினர் வாழும் நாட்டில் அதற்கு என்ன வழி இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

அடுத்தது பெயர். என் மேசையில் அதிகமான கட்டுகள் நின்றுபோகும் இடம் இதுதான். தம்பிராசா என்று பிறப்பத்தாட்சியில் இருக்கும். அடையாள அட்டையில் அவரே தம்பிராஜா. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் 'சா'வுக்கு ஓரிடத்தில் எஸ், மகனின் பத்திரத்தில் ஜே. முதலெழுத்தாக இருந்த தகப்பன் பெயர் அங்கே போனதும் குடும்பப் பெயராகிவிடும்; மனைவி கணவனின் பெயரை எடுத்திருப்பார், அவருடைய பிறப்பத்தாட்சியில் தகப்பன் பெயர் நிற்கும். நமக்கு இது ஒரே ஆள். தமிழ் தெரியாத அதிகாரிக்கு மூன்று ஆட்கள். "நீங்களே ஒரே மாதிரி எழுதிவிடுங்கள்" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. மூலத்தில் உள்ளதை மட்டுமே நான் மொழிபெயர்க்கலாம். இல்லாத ஒன்றை எழுதி முத்திரை குத்தினால் அது பொய்ச் சாட்சியம். திருத்தத்துக்கு உரிய இடம் பதிவாளர். பிறப்புப் பதிவான பிரிவின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், சான்றுகள் கேட்பார்கள், அதற்குக் காலம் எடுக்கும். சிறிய எழுத்து வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசி சில இடங்களில் போதுமாக இருக்கும். போதுமா என்று அங்குள்ள அதிகாரசபையிடமே கேட்டுவிடுங்கள்.

திருமணத் திகதியும் அப்படித்தான். யுத்த காலத்தில் கோயிலில் தாலி கட்டி, பல வருடங்கள் கழித்து வெளிநாட்டு விசாவுக்காகப் பதிவு செய்தவர்கள் கிழக்கில் ஏராளம். ஒரு படிவத்தில் கோயில் திகதி, இன்னொன்றில் பதிவுத் திகதி என்று எழுதினால் இரண்டில் ஒன்று பொய்யாகத் தெரியும். ஒரு வெள்ளைத்தாளில் எல்லாத் திகதிகளையும் எழுதி வைத்து, ஒவ்வொரு படிவத்தையும் அதைப் பார்த்தே நிரப்புங்கள். இரண்டு திகதிகள் இருப்பது ஏன் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

காணாமல்போன பத்திரங்களைப் பற்றி அம்பாறைக் கரையோரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்முனையில் ஒரு கைக்குழந்தை '81 ஆம் இலக்கக் குழந்தை' என்று உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஆஸ்பத்திரி கொடுத்த இலக்கம் அது. பெற்றோர் கண்ணெதிரே நின்றும், 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை முடிவு வரும்வரை பிள்ளையை அவர்களால் கையில் வாங்க முடியவில்லை. உங்கள் வீட்டுப் பத்திரம் தொலைந்திருந்தால், அலுவலகப் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இருந்தால் புதிய பிரதி கிடைக்கும். பதிவே இல்லையென்றால் காலங்கடந்த பிறப்புப் பதிவு, உத்தேச வயது அத்தாட்சி என்று வேறு பாதைகள் இருக்கின்றன. அவை நீளமானவை.

ஆனால் முன்கூட்டியே தயாராகுங்கள் என்றதும் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் எடுத்து அடுக்குபவர்களும் உண்டு. பொலிஸ் நற்சான்றும் மருத்துவ அறிக்கையும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். அவற்றை முதலில் எடுத்தவர், பெயர்த் திருத்தம் முடிவதற்குள் மீண்டும் எடுக்கிறார். பிறப்பு, விவாகம், இறப்பு, முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்துக் கட்டளை ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள். காலாவதியாகும் தாள்களை அதிகாரசபை கேட்கும் நேரத்தில் எடுத்தால் போதும்.

பிள்ளையின் வயதையும் பாருங்கள். நம் கட்டளைச் சட்டத்தில் பிள்ளை என்பவர் 14 வயதுக்குக் குறைந்தவர். பத்து வயது தாண்டியிருந்தால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பதினொரு வயதில் பேச்சைத் தொடங்கும் குடும்பத்துக்கு எவ்வளவு காலம் மிஞ்சுகிறது என்று கணக்குப் பாருங்கள்.

தாயின் சம்மதத்தில் அவசரம் காட்டவே கூடாது. எங்கள் பக்கத்தில் பல பிள்ளைகளின் தாய்மார் குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலையில் இருக்கிறார்கள். வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லி, பிறகு மேலே நிரப்பிய ஒரு தாளை நான் பார்த்திருக்கிறேன். அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டேன். சம்மதம் என்பது, அதன் விளைவு என்ன என்று விளக்கப்பட்ட பிறகு, சுயவிருப்பத்தோடு, பணமோ வேறு எந்தக் கைம்மாறோ இன்றி, எழுத்தில் கொடுக்கப்படுவது. குழந்தை பிறப்பதற்கு முன் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது. "எல்லாம் நான் பார்த்துத் தருகிறேன்" என்று தரகர் யாராவது வந்தால் அந்த வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்கு மகவேற்பில் போனார்கள். அவர்களில் பலர் வளர்ந்து தாயைத் தேடி வந்தபோது, கோப்பில் இருந்த பெயர் வேறொரு பெண்ணுடையதாக இருந்தது. பணத்துக்காகத் தாயாக நடித்துக் கையொப்பமிட்டவர்களும் இருந்தார்கள். இப்படிப்பட்ட முறைகேடுகள் வெளிவந்த பிறகு நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. பிறப்பத்தாட்சியில் தங்களையே பெற்றோராக எழுதிவிட்டால் வேலை சுலபம் என்று யோசிப்பவர்கள் அந்தப் பிள்ளைகளின் முகத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே யாரும் கேட்காத சில தாள்களையும் கட்டில் வையுங்கள். பிறந்த ஆஸ்பத்திரியின் பெயர், தாயின் ஊர், தாய்வழிப் பாட்டன் பாட்டியின் முழுப்பெயர், ஒரு குடும்பப் படம். கிளினிக்கில் கொடுத்த சிறுவர் சுகாதார அட்டையை எறிந்துவிடாதீர்கள். போன மாதம் வந்த ஒரு கட்டில் அது இருந்தது. ஊசி போட்ட திகதிகளுக்குப் பக்கத்தில், இறந்துபோன தாய் பென்சிலால் எழுதியிருந்தார்: "இரவு காய்ச்சல், விடியப் பால் குடித்தான்." அந்தப் பக்கத்தை மொழிபெயர்க்கச் சொல்லி எந்த அலுவலகமும் கேட்கவில்லை. நான் மொழிபெயர்த்துத் தனியாக மடித்து, மூலத்தோடு சேர்த்து வைத்தேன்.