இரண்டு ஐஸ் ஹாக்கி அணிகளின் சம்பளக் கணக்கை ஒப்பிடுவது எப்படி? புதிய ரசிகர்களுக்கான செய்முறை விளக்கம்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல். ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கிய ஒருவர், கோல் எப்படி விழுகிறது என்பதைச் சில வாரங்களில் புரிந்துகொள்வார். ஆனால் பழைய ரசிகர்கள் கூடிப் பேசும் இடத்தில் பாதி நேரம் கோல்களைப் பற்றிய பேச்சே இருக்காது. "எங்கள் நிர்வாகம் புத்திசாலி, உங்கள் நிர்வாகம் பணத்தை அள்ளி இறைத்துவிட்டது" என்ற வாதமே ஓடிக்கொண்டிருக்கும். அந்த வாதத்தில் எண்களோடு கலந்துகொள்வதற்கான வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு விரிதாள் அல்லது ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தொகைகளை மில்லியன் டாலரில்தான் எழுதப்போகிறேன். ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தத்தையும் பட்டியலிடும் இணையதளங்கள் அப்படித்தான் தருகின்றன. 1 மில்லியன் என்பது 10 லட்சம்.

படி 1: வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

2004–05 சீசன் முழுவதும் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறில் ரத்தானது. அதற்குப் பிறகு வந்த உடன்பாட்டின்படி 2005–06 முதல் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு விதிக்கப்பட்டது. முதல் ஆண்டில் அது 39 மில்லியன் டாலர். 2025–26 சீசனில் 95.5 மில்லியன். கீழ்வரம்பும் உண்டு: அதே சீசனில் எந்த அணியும் 70.6 மில்லியனுக்குக் குறைவாகச் செலவிட முடியாது. வேறு சில விளையாட்டுகளில் இருப்பதைப்போல அபராதம் கட்டிவிட்டு வரம்பைத் தாண்டும் வசதி இங்கே கிடையாது.

ஐ.பி.எல். அணிகளின் ஏலத்தொகையோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஒப்பீடு ஓரளவுக்குப் பொருந்தும், ஆனால் ஐ.பி.எல்.லில் பெரிய ஏலம் வரும்போது அணிகள் கணிசமாகக் கலைந்து மீண்டும் அமைகின்றன. என்.ஹெச்.எல்.லிலோ எட்டு ஆண்டு ஒப்பந்தம் சாதாரணம், அதில் நேர்ந்த தவறு எட்டு ஆண்டுகளுக்கும் உடன் வரும்.

வரம்பு ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும் என்றும் எண்ணிவிடக் கூடாது. கொரோனாப் பெருந்தொற்றால் வருவாய் சரிந்தபோது, 2019–20 தொடங்கி மூன்று சீசன்கள் அது 81.5 மில்லியனிலேயே நின்றது. அடுத்த இரண்டு சீசன்களில் ஆண்டுக்கொரு மில்லியனாக ஏறி, 2023–24இல் 83.5 மில்லியனை எட்டியது. அந்த ஆண்டுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்களைப் பற்றி வாதிடும் எவரும் இதை மறந்துவிடக் கூடாது.

படி 2: ஒரே சீசனை எடுத்துக்கொண்டு இரு அணிகளையும் எழுதுங்கள்

எடுத்துக்காட்டாக டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ், ஃப்ளோரிடா பாந்தர்ஸ் ஆகிய அணிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் அட்லாண்டிக் பிரிவைச் சேர்ந்தவை. 2023இலும் 2025இலும் பிளே-ஆஃப் சுற்றில் டொராண்டோவை ஃப்ளோரிடா வெளியேற்றியது. டொராண்டோவில் வாழும் தமிழர்கள் பலருக்கு இது இன்னும் ஆறாத புண்தான்.

ஒவ்வொரு வீரரின் பெயருக்கும் எதிரே அவருடைய "கேப் ஹிட்" என்னும் தொகையை எழுத வேண்டும். ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் சராசரி அது. ஒரு வீரர் முதல் ஆண்டில் 15 மில்லியனும் கடைசி ஆண்டில் 11 மில்லியனும் கையில் வாங்கலாம், ஆனால் உச்சவரம்புக் கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் சராசரிதான் ஏறும். புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: செய்தியில் வந்த ரொக்கத் தொகையை எடுத்துக்கொண்டு வாதிட்டால் எதிராளி உடனே பிடித்துவிடுவார்.

2023–24 சீசனில் டொராண்டோவின் நான்கு பெரிய ஒப்பந்தங்களைத் தோராயமாக எழுதுவோம்: ஆஸ்டன் மேத்யூஸ் 11.6, ஜான் டவாரெஸ் 11, மிட்ச் மார்னர் 10.9, வில்லியம் நீலாண்டர் 7. மொத்தம் 40.5 மில்லியன். ஃப்ளோரிடாவில் அலெக்சாண்டர் பார்கோவ் 10, செர்கே பாப்ரோவ்ஸ்கி 10, மேத்யூ கச்சக் 9.5, ஏரன் எக்பிளாட் 7.5. மொத்தம் 37 மில்லியன்.

படி 3: டாலரை விழுக்காடாக மாற்றுங்கள்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கேப் ஹிட்டை, ஒப்பந்தம் தொடங்கும் சீசனின் உச்சவரம்பால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்.

மினசோட்டா வைல்ட் அணியின் கிரில் கப்ரிசோவ் 2025 செப்டம்பரில் ஆண்டுக்கு 17 மில்லியன் வீதம் எட்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தபோது, அத்தொகை பலரையும் மலைக்க வைத்தது. அந்த ஒப்பந்தம் தொடங்கும் 2026–27 சீசனுக்கு லீக் அறிவித்த வரம்பு 104 மில்லியன். அதாவது 16.3 விழுக்காடு. எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியின் கானர் மெக்டேவிட் 2018–19இல் தொடங்கிய 12.5 மில்லியன் ஒப்பந்தத்தை, அப்போதைய 79.5 மில்லியன் வரம்பால் வகுத்தால் 15.7 விழுக்காடு வரும். டாலரில் 4.5 மில்லியன் இடைவெளி. அணியின் பையிலிருந்து போகும் பங்கில் பார்த்தால் ஒரு விழுக்காடுகூட வித்தியாசமில்லை. "இந்தக் காலத்தில் எல்லோருக்கும் பேராசை" என்று யாராவது தொடங்கினால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம்.

நமது இரு அணிகளைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட சீசனின் வரம்பால் வகுத்துப் பார்க்கிறோம். டொராண்டோவின் நால்வர் 83.5 மில்லியனில் 48.5 விழுக்காட்டையும், ஃப்ளோரிடாவின் நால்வர் 44.3 விழுக்காட்டையும் எடுத்துக்கொண்டார்கள். "நான்கு பேருக்குப் பாதிப் பணத்தைக் கொடுத்ததால்தான் டொராண்டோ தோற்றது" என்ற புகழ்பெற்ற குற்றச்சாட்டு இங்கேயே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, ஏனென்றால் அந்த ஆண்டு லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்ற ஃப்ளோரிடாவும் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் நால்வருக்குக் கொடுத்திருக்கிறது. வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. டொராண்டோவின் நால்வரும் முன்கள வீரர்கள். ஃப்ளோரிடாவின் நால்வரில் ஒருவர் கோல்கீப்பர், ஒருவர் தற்காப்பு வீரர். எனவே விழுக்காட்டுக்கு அருகில் வீரர் ஆடும் இடத்தையும் ஒரு நெடுவரிசையில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: கையெழுத்திடும்போது வீரருக்கு என்ன உரிமை இருந்தது என்று பாருங்கள்

இளம் வீரர்கள் வழக்கமாக மூன்றாண்டுத் தொடக்க ஒப்பந்தத்தில் குறைந்த சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். அது முடிந்தாலும் அவர்கள் விரும்பிய இடத்துக்குப் போய்விட முடியாது. பொதுவாக 27 வயதாகும்வரை அல்லது ஏழு சீசன்கள் ஆடி முடிக்கும்வரை அணியின் உரிமை தொடர்கிறது. அதன் பிறகுதான் முழு விடுதலை பெற்ற ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார்கள். உரிமை அணியிடம் இருக்கும் காலத்தில் விலை குறைவாக இருப்பதுதான் இயல்பு.

இப்போது இருவரை அருகருகே வைத்துப் பாருங்கள். 2018–19 சீசனில் டொராண்டோவின் மார்னர் 94 புள்ளிகளும், தம்பா பே லைட்னிங் அணியின் பிரேடன் பாயிண்ட் 92 புள்ளிகளும் எடுத்தார்கள் (கோல் அடித்தாலும், கோலுக்கு உதவினாலும் தலா ஒரு புள்ளி). இருவருக்கும் தொடக்க ஒப்பந்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. இருவரும் அணியின் உரிமைக்கு உட்பட்டவர்களே. 2019 செப்டம்பரில் சில நாட்கள் இடைவெளியில் இருவரும் கையெழுத்திட்டார்கள். மார்னருக்கு ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு 10.9 மில்லியன். பாயிண்டுக்கு மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 6.75 மில்லியன், அதற்கடுத்து 9.5 மில்லியனில் எட்டு ஆண்டுகள்.

ஆறு ஆண்டுகளுக்குக் கூட்டினால் மார்னரின் கணக்கு 65.4 மில்லியன், பாயிண்டின் கணக்கு 48.75 மில்லியன். அந்த முதல் மூன்று ஆண்டுகளில்தான் தம்பா பே 2020, 2021 கோப்பைகளை வென்றது. இரண்டு பிளே-ஆஃப் தொடர்களிலும் பாயிண்ட் 14 கோல்கள் வீதம் அடித்தார். டொராண்டோ நிர்வாகத்தின் பக்கம் நியாயம் பேச விரும்புபவர்கள், வரம்பு உறைந்துபோகும் என்று 2019இல் யாருக்கும் தெரியாது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் பாயிண்டின் ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கும் அது தெரியாதே! விடுதலைக்கு இன்னும் ஆண்டுகள் இருந்த வீரருக்கு விடுதலை பெற்றவரின் விலையைக் கொடுத்ததுதான் டொராண்டோவின் உண்மையான பிழை என்பது என் கருத்து.

படி 5: நட்சத்திரங்களுக்குக் கீழே இறங்குங்கள்

பெரும்பாலான வாதங்கள் முதல் நான்கு பெயர்களோடு நின்றுவிடுகின்றன. ஐந்தாவது பெயரிலிருந்து பத்தாவது பெயர்வரை எழுதிப் பார்த்தால்தான் நிர்வாகத்தின் கைத்திறன் தெரியும்.

2023–24 ஃப்ளோரிடாவில் சாம் ரைன்ஹார்ட்டின் கேப் ஹிட் 6.5 மில்லியன், அந்தச் சீசனில் அவர் 57 கோல்கள் அடித்தார். சாம் பெனட் 4.4, கார்ட்டர் வெர்ஹேகி 4.2, குஸ்டவ் ஃபோர்ஸ்லிங் 2.7. இந்த ஃபோர்ஸ்லிங், 2021 ஜனவரியில் கரோலைனா அணி வேவர் பட்டியலில், அதாவது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று வீரர்களை விடும் பட்டியலில், விட்ட வீரர். ஃப்ளோரிடா பதிலுக்கு எந்த வீரரையும் கொடுக்காமல் அவரை எடுத்துக்கொண்டு, தன் முதன்மைத் தற்காப்பு வீரர்களில் ஒருவராக ஆக்கிக்கொண்டது. இந்த நால்வருக்கும் சேர்த்து 17.8 மில்லியன்தான்.

இதே நால்வரின் 2025–26 தொகைகளைப் பக்கத்தில் எழுதுங்கள்: 8.6, 8, 7, 5.75. மொத்தம் ஏறத்தாழ 29.4 மில்லியன். கூடியது 11.6 மில்லியன். அதே இடைவெளியில் லீக்கின் வரம்பு 83.5இலிருந்து 95.5ஆக, அதாவது 12 மில்லியன் உயர்ந்திருக்கிறது. வரம்பு உயர்ந்ததால் கிடைத்த இடம் முழுவதும் இந்த நால்வரிடமே போய்விட்டது என்று சொல்லலாம். "ஃப்ளோரிடா எல்லோரையும் எப்படி வைத்துக்கொண்டது?" என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இந்த ஒற்றைக் கழித்தலில் இருக்கிறது.

படி 6: ஆடாதவர்களுக்குப் போகும் பணம்

அணியில் இல்லாத வீரரும் கணக்கில் இருப்பார். ஒப்பந்தத்தைப் பாதியில் முறிக்கும் "பைஅவுட்" முறையில், 26 வயது நிரம்பியவருக்கு மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதமுள்ள ஆண்டுகளைப்போல் இரு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மினசோட்டா அணி 2012 ஜூலையில் ஜாக் பாரிஸே, ரையன் சூட்டர் ஆகிய இருவருக்கும் ஆளுக்கு 13 ஆண்டுகள், 98 மில்லியன் எழுதிக்கொடுத்தது. 2021இல் இருவரையும் விலக்கியது. விளைவாக 2023–24, 2024–25 ஆகிய இரு சீசன்களிலும் அணியில் இல்லாத இருவருக்காக ஆண்டுக்கு 14.7 மில்லியன் கணக்கில் ஏறியது. 2025–26இல் அது 1.7 மில்லியனுக்கும் கீழே இறங்கியது. கப்ரிசோவின் ஒப்பந்தத்தை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

படி 7: விதிகளுக்குள் நடக்கும் வித்தைகள்

முதலாவது, சம்பளத்தைப் பிடித்துவைத்தல். ஒரு வீரரை வேறு அணிக்கு அனுப்பும்போது, அனுப்பும் அணி அவருடைய தொகையில் பாதிவரை தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். 2023 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் அணியின் ரையன் ஓ'ரைலியை டொராண்டோ வாங்கியது. அவருடைய கேப் ஹிட் 7.5 மில்லியன். செயின்ட் லூயிஸ் பாதியை வைத்துக்கொண்டது. இடையில் வந்த மினசோட்டா மீதியில் பாதியை ஏற்றுக்கொண்டு, கைமாற்றுக் கூலியாக டொராண்டோவிடமிருந்து ஒரு நான்காம் சுற்றுத் தேர்வு உரிமையை (புதிய இளம் வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு வாய்ப்பை) பெற்றது. டொராண்டோவின் கணக்கில் ஏறியது 1.875 மில்லியன் மட்டுமே. இப்படி ஒரே நாளில் இரண்டு முறை பிடித்துவைப்பதற்கு 2025–26 முதல் தடை வந்துவிட்டது.

இரண்டாவது, கணக்கு நாள்தோறும் போடப்படுகிறது. தொடக்கத்தில் 2 மில்லியன் இடம் வைத்திருந்து அதைத் தொடாத அணி, சீசனில் கால் பங்கு நாட்கள் மீதமிருக்கும்போது 8 மில்லியன் கேப் ஹிட் உள்ளவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் சண்டைக்குரியது. 2024–25 வரை, நீண்டகாலக் காயப் பட்டியலில் ஒருவரை வைத்தால், அவருடைய தொகை அளவுக்கு வரம்பைத் தாண்டிச் செலவிட முடிந்தது. 2020–21இல் தம்பா பேயின் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வழக்கமான சீசன் முழுவதும் ஆடவில்லை. உச்சவரம்பு பொருந்தாத பிளே-ஆஃப் தொடங்கியதும் களமிறங்கி 32 புள்ளிகள் எடுத்தார். அந்த அணி அப்போது வரம்பைவிடச் சுமார் 18 மில்லியன் மேலே இருந்தது. ஏமாற்று என்று இதைச் சொல்வது தவறு, விதி அன்று அப்படித்தான் இருந்தது. விதியை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும். 2025–26 முதல் பிளே-ஆஃப் ஆட்டத்தில் களமிறங்கும் 20 பேரின் தொகையும் வரம்புக்குள் இருக்க வேண்டும்.

படி 8: வரி வாதத்தை அளவோடு பயன்படுத்துங்கள்

ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை. ஒன்டாரியோவில் உச்ச வரி விகிதம் 50 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஒரே கேப் ஹிட்டில் கையில் மிஞ்சும் தொகை வேறுபடும் என்பதும், அது பேரம் பேசும்போது எடை பெறும் என்பதும் சரியே. ஆனால் அதே வரியில்லா மாநிலத்தில் இருந்துகொண்டுதான் பாந்தர்ஸ் 2001 முதல் 2011 வரை நடந்த பத்து சீசன்களிலும் ஒரு முறைகூட பிளே-ஆஃப் பக்கம் போகவில்லை. வரியால் மட்டும் கோப்பை வருவதாக இருந்தால் அப்போதே வந்திருக்கும்.

இனி நீங்களே ஒரு கணக்கைப் போட்டுப் பழகலாம். 2024 ஆகஸ்டில் எட்மன்டனின் உரிமைக்கு உட்பட்ட இரண்டு இளைஞர்களுக்குச் செயின்ட் லூயிஸ் நேரடியாக ஒப்பந்தம் நீட்டியது: பிலிப் பிராபெர்க் 4.58 மில்லியன், டிலன் ஹாலோவே 2.29 மில்லியன், இரண்டும் ஈராண்டுகளுக்கு. ஏழு நாட்களுக்குள் அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைக்கும் உரிமை எட்மன்டனுக்கு இருந்தது. அது இருவரையும் விட்டுவிட்டு, ஓர் இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு உரிமைகளை ஈடாகப் பெற்றது. அந்தச் சீசனின் வரம்பு 88 மில்லியன். இருவருடைய விழுக்காட்டையும் கண்டு, எட்மன்டனின் மற்ற ஒப்பந்தங்களை அருகில் எழுதி, எந்தப் பெயரை நீக்கியிருந்தால் இவர்களுக்கு இடம் கிடைத்திருக்கும் என்று பாருங்கள்.