"வெஜ் தானே?" என்று மட்டும் கேட்காதீர்கள்: குடும்பத்தோடு ஆசிய உணவகம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டக்குப்பம் தாண்டி ஈசிஆர் ஓரத்தில் ஒரு சின்ன தாய்லாந்து உணவகத்தில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பாட்டி. அந்த அம்மா மெனுவில் விரலை வைத்து, "தம்பி, இது வெஜ் தானே?" என்று கேட்டார். பரிமாறும் பையன் தலையாட்டினான். பாட்டிக்கு பப்பாளி சாலட் ஒன்று, வெஜ் கிரீன் கறி என்கிற தாய்லாந்துக் குழம்பு ஒன்று என்று சொல்லிவிட்டு மெனுவை மூடிவிட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்துபோய், "அக்கா, அந்த ரெண்டையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, கிச்சன்ல ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே இரண்டையும் இதே கேள்வியைக் கேட்டுத்தான் நானும் சொன்னேன்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், குயிலாப்பாளையம் பக்கம் கொரியன், வியட்நாம், திபெத் என்று சின்னதாக ஒரு கடை திறந்திருக்கிறது என்று தெரிந்தால் ஆறு பேரும் கிளம்பிவிடுவோம். போய்ப் போய்க் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். முன்பதிவு, பார்க்கிங் மாதிரி எல்லாருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

## ஆளுக்கொரு தட்டு சொல்வது

ஆளுக்கொரு தோசை சொல்லிப் பழகிய நாம், இங்கேயும் ஆறு பேருக்கு ஆறு நூடுல்ஸ் சொல்லிவிடுகிறோம். பாதி மீந்துவிடும், எல்லார் தட்டிலும் ஒரே ருசி. இந்தச் சமையல்களில் பெரும்பாலும் சோறுதான் அவரவருக்கு. மற்றதெல்லாம் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவது. எங்கள் ஆறு பேருக்கு ஒரு சூப், மோமோ ஒரு தட்டு, குழம்பு மாதிரி ஒன்று, வதக்கியது ஒன்று, சோறு, நூடுல்ஸ் என்று ஆரம்பிப்போம். போதவில்லை என்றால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். ராமென், ஃபோ மாதிரி சூப் நூடுல்ஸ் மட்டும் ஆளுக்கொரு கிண்ணம். அதிலும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லலாம்.

## "இது வெஜ் தானே?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக உட்காருவது

ஆறு வருஷத்துக்கு முன்னால், அது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. காலையில் திருவந்திபுரம் போய் தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்திருந்தோம். புரட்டாசி முழுக்க அத்தை கவுச்சி தொட மாட்டார். அப்படியிருந்தும் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று சாயங்காலம் எங்களோடு கிளம்பி வந்தார். நான் "வெஜ் தானே?" என்று கேட்டேன், "ஆமா மேடம்" என்றார்கள்.

சாலட் வந்தது. மெல்லிசாகச் சீவிய பப்பாளிக்காய், வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சை, கொஞ்சம் வெல்லத் தித்திப்பு. அத்தை இரண்டு வாய் சாப்பிட்டு நிறுத்தினார். "இதுல நெத்திலி வாடை வருதும்மா" என்றார். கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்), துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். நெத்திலிக் கருவாடு காயும் தெருவில் விளையாடியவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்ல அத்தை, கேட்டுட்டேன், வெஜ்தான்." என் பேச்சை நம்பி இன்னொரு வாய் சாப்பிட்டார்.

எனக்கே உறுத்தியதால் சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்து மேசையில் வைத்தார். தேன் நிறத் திரவம், லேபிளில் மீன் படம். "மீன் துண்டு எதுவும் போடல மேடம், சாஸ் மட்டும்தான்."

அது ஃபிஷ் சாஸ். நெத்திலி இனத்து மீனை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறு. அத்தையின் மூக்கு துல்லியமாகச் சொன்னது. அதைப் பொய்யாக்கியது நான்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு, நாங்கள் பில் கொடுக்கும்வரை வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த இரண்டு வருஷம் எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க" என்பதுதான் பதில். இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. அரை நிமிஷம் சரியாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பரிமாறுகிறவர் பொய் சொல்வதில்லை. துண்டு இல்லை என்றால் அவர் கணக்கில் அது வெஜ். நமக்கு வேண்டாதது இருப்பது சாற்றில், விழுதில், பொடியில். தாய்லாந்துக் கறி விழுதில் இறால் விழுது சேர்ந்திருப்பது வழக்கம். அந்த விழுதில் வெறும் காயைப் போட்டால் மெனுவில் 'வெஜ் கிரீன் கறி' ஆகிவிடும். கொரியன் கிம்ச்சி முட்டைக்கோஸ்தான், ஆனால் அதை நொதிக்க வைக்கும்போது உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ப்பார்கள். ஜப்பானிய மிசோ சூப்பின் அடிப்படை, கடற்பாசியும் சூரை இனத்து மீனைக் காயவைத்துச் சீவிய சீவலும் கொதித்த தண்ணீர். ஸ்வீட் கார்ன் வெஜ் சூப்பைக்கூட சிக்கன் வேகவைத்த தண்ணீரில் செய்கிற கடைகள் உண்டு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். மேலே சிக்கன் வைத்த ஃபோவில் சூப் மாட்டெலும்பில் கொதித்ததாக இருக்கலாம். மாட்டிறைச்சி, பன்றி தொடாதவர்கள் வீட்டில் இருந்தால் சூப்பைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

இப்போது நான் மூன்று கேள்வி கேட்கிறேன். சூப்புக்கும் குழம்புக்கும் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? எந்தெந்த பாட்டில் சாஸ் போடுகிறீர்கள்? விழுது இங்கே அரைத்ததா, டப்பாவா? டப்பா என்றால் கொண்டுவந்து காட்டச் சொல்வேன். சைவத்துக்குப் பச்சை வட்டம் இருக்கும். சிப்பியில் செய்யும் 'ஆய்ஸ்டர் சாஸ்' காளானில் செய்ததாகவும் கிடைக்கிறது, கடற்பாசி மட்டும் போட்ட மிசோ சூப்பும் வைக்கலாம். ஆகவே கேட்டால் வழி பிறக்கும். ஆனால் இரவு எட்டரை மணிக் கூட்டத்தில் கேட்காதீர்கள். மத்தியானம் நாலு மணிக்குப் போன் போட்டால் மாஸ்டரே நிதானமாகப் பேசுவார். பரிமாறுகிற பையன் பல கடைகளில் மணிப்பூரிலிருந்தோ டார்ஜிலிங்கிலிருந்தோ வந்தவனாக இருப்பான். தமிழில் நீளமாகக் கேட்டால் பாவம், மரியாதைக்குத் தலையாட்டிவிடுவான்.

வேர்க்கடலை, இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் இதே கேள்விகள் உயிர்காக்கும் கேள்விகள்.

போன மாதம் அந்தப் பக்கத்து மேசைக்கு கிச்சனிலிருந்து வந்த பதில்: கறி விழுதில் இறால் உண்டு, சாலட்டில் ஃபிஷ் சாஸ் உண்டு. சோயா சாஸில் துளசியும் டோஃபுவும் வதக்கித் தந்தார்கள். பாட்டி தட்டைக் காலி செய்தார்.

## கொலைப் பசியில் பிள்ளைகளைக் கூட்டிப்போவது

கிளம்பும்போதே ஆளுக்கொரு வாழைப்பழம்.

## குச்சியில்தான் சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்துவது

தாய்லாந்திலேயே சோற்றை ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார்கள். பெரியவர்களை விட்டுவிடுங்கள்.

## எல்லாவற்றையும் சைனீஸ் என்று நினைப்பது

வியட்நாம் கடையில் போய் மஞ்சூரியன் இல்லையா என்று கேட்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும், அதுவும் புதுச்சேரியில். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறும்வரை இங்கே பிரெஞ்சு ஆட்சிதான். அந்தக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து எத்தனையோ தமிழர்கள் வேலைக்கும் பட்டாளத்துக்கும் சைகோன் போனார்கள். அங்கேயே கல்யாணம் செய்து குடும்பத்தோடு திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் வழியாக வியட்நாம் சமையல் இந்த ஊர் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. அரிசித்தாளில் சுற்றிப் பொரித்த ரோலை அப்படியே கடிக்காதீர்கள். சூடாக இருக்கும்போதே லெட்யூஸ் இலையில் இரண்டு புதினாவோடு சுருட்டிச் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் சாறு ஃபிஷ் சாஸில் கலந்தது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காரம் குறைவாக இருக்கிறதே என்று மிளகாய் சாஸை ஊற்றிவிட்டால் அந்த இலை வாசனை அத்தனையும் போய்விடும்.

## சூப் நூடுல்ஸை ஒன்றாகப் பார்சல் கட்டுவது

ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் நூடுல்ஸ் ஊறிக் களியாகிவிடும். சூப் தனி, நூடுல்ஸ் தனி, இலைகள் தனி என்று கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து சூப்பைத் தளதளவென்று கொதிக்கவிட்டு மேலே ஊற்றினால் போதும்.