ஒகேனக்கல் சாரலுக்கு மேல் வானம் மாற்றுவது: மாஸ்க் ஓரத்தை மென்மையாக்கும் முறை

ஒகேனக்கல் ஐந்தருவி பின்னணியில் எடுத்த கல்யாண அவுட்டோர் ஷாட். வானம் வெளுத்துப் போயிருக்கிறது, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் மாற்ற வேண்டும். பாறையின் ஓரம் கூர்மையானது. சாரல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. இரண்டுக்கும் ஒரே ஃபெதர் எண் (ஓரம் எத்தனை பிக்சல் அகலத்துக்கு மங்க வேண்டும் என்ற அளவு) போட்டால் ஏதாவது ஒன்று கெடும்.

புது வானத்தை ஷாட்டுக்குக் கீழ் லேயரில் வையுங்கள். ஷாட் லேயரில் பழைய வானத்தைச் சுற்றிப் பென் டூலால் மாஸ்க் (ஒரு பகுதியைப் பிரித்துக் காட்டும் எல்லைக்கோடு) வரைந்து, மோடை சப்ட்ராக்ட் ஆக்குங்கள், உள்ளே இருப்பது மறைந்துவிடும். மேலேயும் பக்கவாட்டிலும் புள்ளிகளை ஃபிரேமுக்கு வெளியே நன்றாகத் தள்ளி வையுங்கள். விளிம்பிலேயே வைத்தால் அங்கும் ஃபெதர் விழுந்து பழைய வானம் எட்டிப் பார்க்கும்.

எம் கீயை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் மாஸ்க் அமைப்புகள் விரியும். 1080பி ஷாட்டில் பாறைக்கு ஃபெதர் 3 பிக்சல் போதும்.

இப்போது பாறை ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அதை மறைக்க ஃபெதரைக் கூட்டாதீர்கள், கோடு தடிக்கத்தான் செய்யும். ஃபெதர், மாஸ்க் கோட்டுக்கு இருபுறமும் பாதிப் பாதியாக விழுகிறது: 3 என்றால் உள்ளே 1.5, வெளியே 1.5. வானத்துப் பக்கம் விழுந்த பாதியில் பழைய வானம் அரைகுறையாக மிஞ்சி நிற்கிறது. மாஸ்க் கோட்டை வெளியேயோ உள்ளேயோ நகர்த்தும் மாஸ்க் எக்ஸ்பான்ஷனில் அந்தப் பாதியை, +1.5, கொடுங்கள், மாஸ்க் பாறைக்குள் நகர்ந்து கோடு போய்விடும். வேறொரு ஷாட்டில் ஆளைச் சுற்றி, உள்ளே இருப்பதை மட்டும் காட்டும் ஆட் மோடில் மாஸ்க் போட்டிருந்தால் குறி மாறும்: −1.5.

அடுத்து சாரல். பென் டூலை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும் மாஸ்க் ஃபெதர் டூலை எடுத்து, சாரலின் நடுவில் மாஸ்க் கோட்டைப் பிடித்துக் கீழே 60 முதல் 80 பிக்சல் இழுங்கள். உடனே பாறையும் சேர்ந்து மங்கும். முதல் ஃபெதர் புள்ளி மாஸ்க் முழுவதற்கும் பொருந்துவதுதான் காரணம். சாரல் முடிந்து பாறை தொடங்கும் இரண்டு இடங்களிலும் புதுப் புள்ளி வைத்து, கோட்டோடு ஒட்டும்வரை தள்ளுங்கள். அவற்றுக்கு அப்பால் பாறை நெடுகவும் ஒன்றிரண்டு புள்ளிகள் வைத்தால் அகலம் மறுபடி ஏறாது.

அகலமான ஃபெதரில் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்தால், புராஜெக்ட் பேனலின் அடியில் உள்ள 8 பிபிசியை (ஒரு நிறச் சேனலுக்கு எத்தனை பிட் என்ற அளவு) ஆல்ட் பிடித்துக் கிளிக் செய்து 16 ஆக்குங்கள். ஓரத்தைச் சரிபார்க்கும்போது ஃபுல் ரெசல்யூஷனில், 200 சதவீதத்தில் பாருங்கள். ஹாஃப் ரெசல்யூஷனில் வெள்ளைக் கோடு கண்ணில் படாது.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் உள்ள ஃப்யூஷன் பக்கத்திலும் இதைச் செய்யலாம். அங்கே மாஸ்க் வரையும் பாலிகனின் ஸாஃப்ட் எட்ஜ் ஓரம் முழுவதையும் ஒரே அளவில்தான் மென்மையாக்கும். அதனால் பாறைக்கு ஒரு பாலிகன், சாரலுக்கு ஒரு பாலிகன் என்று தனித்தனியாகப் போட்டு இணையுங்கள்.