இலவச நுழைவு புதியவர்களை அழைத்து வருகிறதா: கணக்கிடும் முறை

அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணத்தை நீக்கினால் கூட்டம் கூடும். பிரிட்டனில் 2001 டிசம்பரில் தேசிய அருங்காட்சியகங்கள் இலவசமாயின. முன்பு கட்டணம் வாங்கியவற்றில் முதல் ஆண்டிலேயே வருகை சுமார் 70 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அது வருகைகளின் எண்ணிக்கை. ஒரே ஆள் ஐந்து முறை வந்தாலும் அதில் ஐந்துதான். போதாததற்கு, அங்கே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதற்கு முந்தைய மாதம்தான் தன் பிரிட்டிஷ் காட்சிக்கூடங்களைத் திறந்திருந்தது. எனவே கட்டணத்தை நீக்கும் காலத்தில் பெரிய கண்காட்சி எதையும் தொடங்காதீர்கள்.

முதலில் எண்ணும் முறையைச் சரிசெய்யுங்கள். இதுவரை டிக்கெட்டை எண்ணிவிட்டு, இனி வாசல் சென்சாரை நம்பினால், ஒருவர்கூடக் கூடுதலாக வராமலே எண்ணிக்கை எகிறும்: சென்சார் ஊழியரையும் எண்ணும், வெளியே போய்த் திரும்புபவரையும் எண்ணும். விலையில்லா டிக்கெட் கொடுப்பதே நல்லது. முடியாவிட்டால் கட்டணம் இருக்கும்போதே நான்கு வாரமாவது இரண்டையும் சேர்த்து ஓட்டி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கருத்தாய்வு. அறிவிப்பு வெளியாகும் முன்பே ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டும். அறிவித்த பிறகு பலர் வருகையைத் தள்ளிப்போடுவார்கள். இரண்டாம் சுற்றை அடுத்த ஆண்டு அதே மாதங்களில் நடத்துங்கள். முதல் சில வாரப் பரபரப்பை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தரையில் ஒரு கோடு வைத்து, ஒரு பேட்டி முடிந்ததும் அதைத் தாண்டும் அடுத்த ஆளையே கேளுங்கள். ஆய்வாளர் விருப்பத்துக்கு விட்டால், சிரித்த முகமும் ஓய்வான நடையும் உள்ளவர்களே மாதிரியில் நிறைவார்கள்.

கேள்விகள் மூன்று போதும்: இதற்கு முன் கடைசியாக இங்கே எப்போது வந்தீர்கள், எந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள், எதுவரை படித்திருக்கிறீர்கள். வசிப்பிடம் முக்கியம். முதல் முறை வருபவர்களில் சுற்றுலாப் பயணிகள் ஏராளம். கட்டணம் இருந்தாலும் அவர்களில் பலர் வந்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்களைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘கட்டணம் இருந்தால் வந்திருப்பீர்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், கிடைக்கும் பதில் வெறும் ஊகம்.

சுற்றுக்கு 400 பேர் என்றால், 20 சதவீதத்தை ஒட்டிய முதல் வருகைப் பங்கில் 5 புள்ளி மாற்றம் தற்செயலாகவும் இருக்கலாம். 20-க்கும் 25-க்கும் உள்ள வேறுபாட்டை உறுதியாகப் பிடிக்கச் சுற்றுக்கு ஏறத்தாழ 1,100 பேர் தேவை.

பலர் தடுமாறுவது சதவீதத்தில்தான். வாரம் 1,000 உள்ளூர் வருகையில் 20 சதவீதம் முதல் வருகை என்றால் 200 பேர். இலவசமான பின் 1,500 வருகையில் 16 சதவீதம் என்றால் 240 பேர். பங்கு குறைந்தும் புதியவர்கள் கூடியிருக்கிறார்கள். பழையவர்கள் அடிக்கடி வந்ததால் பங்கு இறங்கியது. முதல் வருகை ஒருவருக்கு ஒரே முறை என்பதால் இந்தப் பெருக்கல் நேராகத் தலைக்கணக்கையே தரும்.

கடைசியாக அந்த 240 பேரின் படிப்பை ஊர் மக்கள்தொகைக் கணக்கோடும் ஏற்கெனவே வருபவர்களின் படிப்போடும் ஒப்பிடுங்கள். ஏற்கெனவே வருபவர்களின் அதே வட்டத்திலிருந்து வந்திருந்தால், மற்றவர்களுக்குத் தடை விலை மட்டும் இல்லை. திறக்கும் நேரம், பேருந்து வசதி, பள்ளிகளுடனான தொடர்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.