கோயில் கொடைக்கு வந்தால் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி சார்ஜர் போடும் முறை

வேலை சென்னையிலோ மும்பையிலோ. கார் மட்டும் ஊரில், ஓலைக் கொட்டகையில். கோயில் கொடைக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, வந்து சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம்தான் வருகிறது. திருநெல்வேலிப் பக்கம் இது எல்லாத் தெருவிலும் உண்டு. கார் நின்றுகொண்டிருந்தாலும் அலாரமும் கடிகாரமும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 21 ஏ.எச்.க்கு (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவுக் கணக்கு) மேல் போய்விடும். சின்னக் காரில் இருப்பதே 35 ஏ.எச். பேட்டரி.

எத்தனை ஆம்பியர் சார்ஜர்?

பேட்டரியின் ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வையுங்கள். 35 ஏ.எச்.சுக்குச் சுமார் 4 ஆம்பியர், டீசல் வண்டியின் 70 ஏ.எச்.சுக்கு 7 ஆம்பியர். அவசரத்துக்கு 15 ஆம்பியர் ஏற்றினால் சீக்கிரம் முடியும்தான், ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயப் பிளேட் சூடேறி வளையும். வீட்டு இன்வெர்ட்டரும் இப்படி அதிக ஆம்பியர் ஏற்றக்கூடும் என்பதால் அதில் கார் பேட்டரியை மாட்டும் பழக்கமும் ஆகாது. சார்ஜர் ஆட்டோமேட்டிக்காக இருக்கட்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை தானாக நிற்காது, நீங்கள்தான் பக்கத்தில் இருந்து நிறுத்த வேண்டும். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள காரில் ஏ.ஜி.எம். பேட்டரி (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சிவைத்த வகை) இருக்கலாம். லேபிளைப் பார்த்து, சார்ஜரிலும் அதே மோடை வையுங்கள்.

மாட்டுவதற்கு முன்

மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் காலி. 10.5-லேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று போயிருக்கலாம், அதற்குச் சார்ஜர் வைத்தியம் செய்யாது. பெட்டி உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ சார்ஜ் போடவே கூடாது.

டெர்மினலில், அதாவது வயர் மாட்டும் கம்பத்தில், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போகக் கூடாது, அதனால் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்.

மூடி உள்ள பேட்டரியில் பிளேட் வெளியே தெரிந்தால், அது மூழ்குகிற அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். சார்ஜ் ஏற ஏற மட்டம் உயரும். முதலிலேயே விளிம்புவரை ஊற்றினால் ஆசிட் வழிந்து கீழே கம்பியைத் தின்னும். மீதியைச் சார்ஜ் முடிந்தபிறகு குறிவரை ஊற்றலாம். தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும், ஆர்.ஓ. கேன் தண்ணீரே ஆனாலும் ஊற்றக் கூடாது. அதிலுள்ள உப்பு பிளேட்டைக் கெடுக்கும். ஆசிட் சேர்க்கவும் வேண்டாம், குறைந்திருப்பது தண்ணீர் மட்டுமே.

இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும், ஆகவே பீடி, விளக்கு எதுவும் கிட்டே வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் கொட்டகைக்குள் நண்பகலில் போடாமல், பொழுது சாய்ந்தபின் போடுங்கள்.

மாட்டும் வரிசை

1. சாவியை எடுத்துவிடுங்கள், லைட்டெல்லாம் அணைந்திருக்கட்டும். சார்ஜர் பிளக் கழற்றியே இருக்க வேண்டும்.
2. சிவப்புக் கிளிப் பிளஸ்ஸில். வயர் நிறத்தை நம்பாதீர்கள், யாராவது மாற்றியிருப்பார்கள். பேட்டரியில் பொறித்த + குறியைப் பாருங்கள். இரண்டு கம்பத்தில் சற்றுத் தடித்தது பிளஸ்.
3. கறுப்புக் கிளிப்பைப் பேட்டரியில் போடாமல், தள்ளி எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் கவ்வுங்கள். பொறி விழுந்தாலும் வாயு இல்லாத இடத்தில் விழும்.
4. கடைசியில்தான் பிளக், சுவிட்ச்.

பிளஸ், மைனஸ் மாறினால் ஃபியூஸ் போகும், வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடும் போகலாம். சிக்கனத்துக்குப் பார்த்தவருக்குச் செலவு இரட்டிப்பு.

எவ்வளவு நேரம்?

பாதி இறங்கிய 35 ஏ.எச். பேட்டரிக்கு 17.5 ஏ.எச். தேவை. 4 ஆம்பியரில் நாலரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, வீணாவதற்கு இருபது சதவீதம் கூட்டினால் ஐந்தே கால். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும், ஆறேழு மணி நேரம் விடுங்கள். முழுதும் இறங்கியதற்கு ஓர் இரவு. அடியோடு இறங்கிய பேட்டரியைச் சில ஆட்டோமேட்டிக் சார்ஜர் அடையாளமே காணாது. சார்ஜர் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

நடுவில் பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாவிட்டால் நிறுத்துங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அளவுமீறிய சார்ஜ் என்று அர்த்தம். முதலில் சுவிட்சை அணையுங்கள், வாடை கலைந்தபின் கிளிப்பைத் தொடலாம். ஆசிட் கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

கழற்றும்போது வரிசை தலைகீழ்: சுவிட்ச், கறுப்பு, சிவப்பு. உடனே மீட்டரில் 13 வோல்ட் தெரிந்தால் மயங்க வேண்டாம், அது மேலோட்டமான சார்ஜ். மறுநாள் காலையில் பாருங்கள். 12.6 அருகே நின்றால் நல்லது. 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அல்லது காரில் எங்கோ மின்கசிவு. எது என்று தெரிய, மறுபடி சார்ஜ் போட்டு, மைனஸைக் கழற்றிவைத்து ஓர் இரவு சோதித்தால் போதும்: அப்போதும் இறங்கினால் பேட்டரி, இறங்காமல் நின்றால் கசிவு.

கொடை முடிந்து கிளம்பும்போதும் அதையே செய்யலாம்: 10 நம்பர் ஸ்பானரால் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, கதவைச் சாவியால் பூட்டுங்கள், ரிமோட் அப்புறம் வேலை செய்யாது. கடிகாரத்தை மட்டும் அடுத்த கொடைக்குத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.